சாரலா விழணும்

போன ஜூலையில், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு காலையில், என் வண்டி புகைச் சோதனையில் தோற்றது. 2018 மாடல் டீசல் ஸ்விஃப்ட். பி.எஸ்.4 டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி 1.62-ஐத் தாண்டக்கூடாது. என்னுடையது 2.3. ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப முழுக்க மிதித்துப் பார்த்த பையன், "ஏத்தி வச்சிருக்கீயளா சார்?" என்று கேட்டான்.

ஏற்றித்தான் வைத்திருந்தேன். அதற்கு முந்தைய வருடம் ஒரு பெரிய நகரத்தில் லேப்டாப்பைச் சொருகி ரீமேப் செய்து கொடுத்தார்கள். 75 குதிரைசக்தி இனிமேல் 95 என்றார்கள். நாலுவழிச் சாலையில் கொஞ்ச நாள் பறந்தேன். பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று இப்போது ஊகிக்க முடிகிறது.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்து எழுபது வருடம் ஆகப்போகிறது, பெயர் நகரவில்லை. மர அறுவை மில்கள், பரோட்டாக் கடைகள், நடுவில் நான் வண்டியைக் கொண்டுபோன தகரக் கூரைப் பட்டறை. புளியரை ஏற்றத்துக்கு முன்னால் லாரிக்காரர்கள் நின்று பார்த்துப் போகிற இடம் என்பதால் டீசல் பம்ப், நாசில் வேலைக்கு இங்கே ஆள் உண்டு. அறுபதைத் தாண்டிய மெக்கானிக்கை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது அவருடைய அண்ணன் மகன்.

அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவில்லை. கைப்பிடி அளவு பனியன் வேஸ்டைச் சைலன்சர் வாயில் பிடித்துக்கொண்டு, என்னை ரேஸ் பண்ணச் சொன்னார். துணியை விரித்துப் பார்த்தார். கறுப்பு, காய்ந்த கரி. "ஆயில் பிசுக்கு இல்ல. டர்போ சீல் தப்பிச்சுது" என்றார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடிவிட்டது.

பிறகுதான் பானெட். ரேஸில் வைத்துவிட்டு, டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனார். கிளாம்ப் கடித்த இடத்தில் விரல் நின்றது. அரை அங்குலக் கீறல், சுற்றிலும் எண்ணெய் பூத்திருந்தது. குனிந்து கேட்டால் 'உஸ்' என்ற சத்தம் எனக்கும் கேட்டது.

வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்றை அளக்கும் சென்சாரோ டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு ஓட்டை வழியே போய்விட, அது தெரியாத கம்ப்யூட்டர் கணக்குப்படி டீசலை ஊற்றுகிறது. போதாததற்கு ரீமேப், 'புகை வராமல் இவ்வளவுதான் டீசல்' என்று கம்பெனி வைத்த வரம்பையே தூக்கிவிட்டது. அழுத்தத்தை ஏற்றினால் பழைய ஹோஸ் எத்தனை நாள் தாங்கும்?

"புகைங்கது என்ன சார்? நீங்க காசு கொடுத்து அடிச்ச டீசலு. எரியாம போவுது."

ஹோஸ் வாங்கப் பட்டறைப் பையன் தென்காசிக்குப் போயிருந்தான். அதற்குள் ஒரு பழைய சுமோவின் நாசில்கள் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாக டெஸ்டரில் மாட்டி அண்ணாச்சி லீவரை அழுத்தினார். முதல் இரண்டும் 'கிர்ர்' என்று முனகி டீசலைப் பனியாக ஊதின. மூன்றாவது முனகவில்லை, ஒரு பக்கம் நூலாகப் பீய்ச்சி, நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. கிட்டே கையைக் கொண்டுபோன என்னைத் தட்டிவிட்டார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம். "சாரலா விழணும். அருவியா ஊத்தப்படாது" என்றார். குற்றாலத்துக்காரர் வேறு எப்படிச் சொல்வார்!

சோதனையை ஏமாற்றுகிற வித்தைகளையும் கேட்டேன். பழைய பம்ப் வண்டிகளில் ஸ்க்ரூவைக் குறைத்துக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து திருப்பி வைப்பார்கள். எஃப்.சி.க்குக் காட்டப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஆக்சிலரேட்டரைப் பாதியோடு நிறுத்துவார்கள். இஜிஆர் வால்வைத் தகடு வைத்து அடைப்பது இன்னொன்று. அதில் புகை குறைந்து இழுவையும் கூடும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். நம் ஊர்ப் புகைச் சோதனை டீசல் வண்டியில் அதை அளப்பதே இல்லை. சுத்தமில்லாத வண்டி சுத்தமாகப் பாஸாகிவிடும். "நானும் தகடு வச்சுக் கொடுத்திருக்கேன், இல்லேங்கமாட்டேன்" என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது பி.எஸ்.6 வண்டிகள் வேறு மாதிரி வருகின்றன. சீசனில் குற்றாலம் ரோட்டில் மணிக்கணக்கில் ஊர்ந்தால் சைலன்சர் சூடேறாது. டிபிஎஃப் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி வேண்டும். விளக்கு எரிந்ததும் "அதக் கழட்டிப் போட்டுருங்க" என்று வருகிறார்களாம். அண்ணன் மகன், "ஹைவேயில அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்.

ஹோஸை மாற்றிய பிறகு, என் வண்டியில் கம்பெனி மேப்பை அவரே திரும்ப ஏற்றினார். சட்டமும் சொன்னார்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றக்கூடாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. புகைச் சான்று இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை. இருபது குதிரைக்கு இது ஏற்ற விலைதானா?

சோதனைக்கு முன் இன்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும் என்று புளியரை ஏற்றத்துக்கு ஓட்டிப்போனோம். முன்னால் எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரிகள். எஸ் வளைவில் இரண்டாவது கியர். 2,000 சுற்றுக்குக் கீழே வண்டி முனகியது, மேலே போனதும் பிடித்துக்கொண்டது. பழைய பாய்ச்சல் இல்லை. கண்ணாடியில் புகையும் இல்லை.

கோட்டைவாசல் கருப்பசாமி கோவிலில் எல்லா வண்டியும் நிற்கும். ஏறி வந்த வேகத்தில் சாவியைத் திருப்பிவிட்டுத் திருநீறு வாங்க இறங்குவார்கள். வண்டியை ஓட்டிவந்த அண்ணன் மகன் இறங்கவில்லை. சூடான டர்போவுக்கு ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால் பேரிங்கில் ஆயில் கரிந்துபோகும் என்றார். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தார்.

கீழே வந்து அதே இடத்தில் சோதித்தோம். 0.94.