ஒரு பைக்கு ஒரு பாம்பு

அண்ணனிடம் பாம்பு பிடிக்கக் கற்கப் போனபோது முதல் பாடமே துணிப்பை தைப்பதுதான். இரட்டைத் தையல் போட வேண்டும், தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் குட்டிப் பாம்பு சிக்கிக்கொள்ளும். ஆரணி நெசவுக் குடும்பத்தில் பிறந்ததால் அந்த வேலை எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நாள் பிடித்தது அடுத்த பாடம்: ஒரு பைக்கு ஒரு பாம்புதான்.

எங்கள் ஊரில் அரிசி ஆலைகள் அதிகம், எலியும் அதிகம். எலியைத் தேடி வரும் பாம்பு குழித்தறியின் பள்ளத்தில் போய்ச் சுருண்டுகொள்ளும். மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து அழைப்பு வரும். “இதுவும் சாரை, அதுவும் சாரை. ஒண்ணாப் போட்டா என்ன தம்பி?” என்பார்கள். அண்ணன் பேசாமல் இன்னொரு பையை உதறி எடுப்பார்.

கட்டுவிரியன் மற்ற பாம்புகளைத் தின்னும், சொந்த இனத்தையும் விடாது. நல்ல பாம்புக்கும் பாம்பு இரைதான். சாரை விஷயம் வேறு. ஒருமுறை கமண்டல நாகநதிக் கரையில் இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நின்றன. சாரையும் நாகமும் சேர்கின்றன என்று கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் என்னை ஓரமாக அழைத்துத் தலைகளைப் பார்க்கச் சொன்னார். படம் எடுக்கவில்லை. இரண்டுமே ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றது தரையோடு அழுத்தப் பார்த்தது, நடந்தது சண்டை. சற்று நேரத்தில் தோற்றது வரப்போரமாக விலகிப் போய்விட்டது. “பெட்டிக்குள்ள இருந்தா அது எங்கடா போவும்?” என்றார்.

அந்தக் கேள்வி பிறகும் வந்தது. வெளியூர் மாணவர் ஒருவர் போன் செய்தார். ஒரே கண்ணாடிப் பெட்டியில் இரண்டு பால் பைத்தான். ஆப்பிரிக்காவின் சிறு மலைப்பாம்பு. ஒன்று இரை எடுக்கவில்லை. “எப்பவும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கொஞ்சுதுண்ணா” என்றார். அது கொஞ்சல் இல்லை. பெட்டியில் இதமான சூடு ஒரு மூலையில்தான். ஒளிய இடமும் அங்கேதான். வலியது அதைப் பிடித்துக்கொள்ள, மெலிந்தது கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. சூடு போதாவிட்டால் தின்றது செரிக்காது. பெட்டியில் கிடந்த கக்கலும் கழிச்சலும் எதனுடையவை என்று அண்ணன் கேட்டார். மாணவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சேர்த்து வைத்தால் நோயின் முதல் தடயமே இப்படிக் கலந்துவிடுகிறது. ஒன்றின் மேல் உண்ணி இருந்தால் மற்றதற்கும் ஏறிவிடும், மூச்சுக்குழல் தொற்றும் அப்படித்தான்.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்துக்கொள்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. நாங்கள் பிடிப்பவற்றை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுகிறோம். வெளிநாட்டுப் பாம்பை முறைப்படி பதிவுசெய்து வளர்ப்பவர்கள் உண்டு. சின்னஞ்சிறு பாம்புகள் பைகளில் திணிக்கப்பட்டுக் கடத்தப்பட்டு, சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மாணவரிடம் அண்ணன் அன்றே பிரிக்கச் சொன்னார். தனிப் பெட்டி, தனித் தண்ணீர்க் கிண்ணம், தனிச் சூடு, ஒரு பெட்டியைத் தொட்டபின் அடுத்ததைத் தொடுமுன் கை கழுவல். மெலிந்ததை மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட்டு, எடை பார்த்துக் குறித்துவைக்கும்படியும் சொன்னார்.