சுரங்கம் மூடியாச்சு... பாட்டு மூடலை!

பாத்ரூம்ல மட்டும் பாடுற ஆளா நீங்க? கல்ச்சுரல்ஸ்னா கூட்டத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிற கேஸா? அப்போ வாங்க, உங்களைத்தான் தேடிட்டிருக்கோம். ஒரு ரயில் பிடிக்கணும்!

இங்கிலாந்தை ஒட்டியிருக்கிற குட்டி நாடு வேல்ஸ். அதன் தலைநகர் கார்டிஃப்ல ரயிலேறினா, சுமார் ஒரு மணி நேரத்துல ட்ரியோர்க்கி. ரோண்டா பள்ளத்தாக்குல இருக்கிற சின்ன ஊர். ரெண்டு பக்கமும் பச்சை மலை. சரிவு முழுக்க ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி நிக்கிற வீடுகள். பார்த்தா நம்ம குன்னூர் ஞாபகம் வரும். ஆனா, அங்கே மேலே தேயிலை... இங்கே கீழே நிலக்கரி! ஒரு காலத்துல இந்தப் பள்ளத்தாக்குல மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் ஓடின.

பகல் பூரா கரித்தூசியைச் சுவாசிச்ச ஆண்கள், சாயங்காலம் குளிச்சுட்டு நேரா போனது பாட்டுப் பயிற்சிக்கு. அப்படி 1883-ல் தொடங்கின கதைதான் 'ட்ரியோர்க்கி மேல் கொயர்'. ஊருக்கு நடுவுல கம்பீரமா நிக்கிற பார்க் அண்ட் டேர் ஹால்கூட, சுரங்கத் தொழிலாளர்கள் சம்பளத்துல சில்லறை சில்லறையா ஒதுக்கிக் கட்டினதுதான்.

'மியூசிக் படிக்கத் தெரியாதே'ன்னு பயமா? அவங்கள்ல பலருக்கும் தெரியாது. ஜான் கர்வென் என்ற பாதிரியார் 19-ம் நூற்றாண்டில் பரப்பிய 'டோ ரே மி' எழுத்து முறைதான் கைகொடுத்தது. நம்ம 'ச ரி க ம' மாதிரி எழுத்தைப் பார்த்தே பாடிடலாம்.

குரலை நாலாப் பிரிப்பாங்க. ஃபர்ஸ்ட் டெனார், செகண்ட் டெனார், பாரிடோன், பேஸ். நம்ம ஊர் சர்ச் கொயர்கள்லயும் நாலு குரல்ல பாடுறதைக் கேட்டிருப்பீங்க. இங்கே நாலுமே ஆண் குரல். உங்க குரல் கட்டையா? பேஸ் வரிசையில சீட் ரெடி! ஒரே கண்டிஷன்... பக்கத்துல நிக்கிறவர் குரல் உங்க காதுல விழணும். விழலைன்னா நீங்க கத்துறீங்கன்னு அர்த்தம். இங்கே ஹீரோ கிடையாது பாஸ்!

1957-ல் நடந்தது சினிமாவை மிஞ்சும். அமெரிக்க கறுப்பினப் பாடகர் பால் ராப்சன், வேல்ஸ் தொழிலாளர்களின் நண்பர். அவரோட பாஸ்போர்ட்டை அமெரிக்க அரசு 1950-ல் பறிச்சிருந்தது. போர்த்கால் நகர்ல சுரங்கத் தொழிலாளர்களின் கலைவிழா. ஆள் வர முடியாது... குரல் வரலாமே! நியூயார்க்ல இருந்து கடலுக்கடியில போற டெலிபோன் கேபிள் வழியா அவர் பாட, அரங்கமே கேட்டது. பதிலுக்கு ட்ரியோர்க்கி கொயர் அவருக்காகப் பாடியது. அடுத்த வருஷமே பாஸ்போர்ட் திரும்பக் கிடைச்சது.

அப்புறம் காலம் மாறிச்சு. 1984-85-ல் மாபெரும் வேலைநிறுத்தம். 1990-ல் ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மார்டியும் மூடப்பட்டது. வேலை போச்சு, பல இளைஞர்கள் ஊரைவிட்டே போனாங்க. பல கொயர்கள்ல தலைகள் நரைச்சிடுச்சு. 'நமக்கப்புறம் யார் பாடுவா?'ங்கிற கேள்வி நிஜமாவே பயமுறுத்துச்சு. 2010-ல் பள்ளத்தாக்குப் பசங்களைத் திரட்டி 'ஒன்லி பாய்ஸ் அலவுட்' கிளம்பியது. 2012-ல் 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' டி.வி. போட்டியில மூணாவது இடம்!

எப்பவாவது வேல்ஸ் பக்கம் படிக்கவோ, சுத்தவோ போனா, முன்கூட்டியே கேட்டுட்டு ஒரு ரிகர்சலுக்குப் போய் உட்காருங்க. பல கொயர்கள் வெளியாட்களைச் சந்தோஷமா அனுமதிக்கும். கச்சேரி முடிஞ்சு பக்கத்து பப்ல மறுபடியும் பாட்டு களைகட்டும். மிஸ் பண்ணாதீங்க!

அதுவரைக்கும்? ஹாஸ்டல் வராண்டாவுல நாலு பேர் சேருங்க. ஒருத்தர் கீழ் ஸ்வரத்தை விடாமப் பிடிக்கட்டும், மத்தவங்க மேலே ஏறட்டும். வார்டன் கதவைத் திறந்தா பயப்படாதீங்க... பேஸுக்கு ஆள் கிடைச்சாச்சு!