அறுந்தது பெல்ட், பழுது எங்கே?



பிளவக்கல் அணைப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு நம்மை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் ஜீப்பை அறிவீர்கள். 3 மாதங்களுக்குள் அதன் ஃபேன் பெல்ட் 3 முறை அறுந்தது. சிறு செலவுதானே என்று தோன்றலாம். ஆனால் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்கம் பம்பும் அந்த ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கிறது. பெல்ட் அறுந்தால் எஞ்சின் கொதிக்கும். சிறிது நேரத்தில் பிரேக் மிதி கல்லாய் இறுகும். பிள்ளைகளும் முதியோரும் அமரும் வண்டியில் இது உயிர்ப் பிரச்சினை.

மூன்றாம் முறை, ராஜபாளையத்து மெக்கானிக் ஒருவர் புதிய பெல்ட்டைத் தொடுமுன் அறுந்ததைக் கேட்டு வாங்கினார். அறுந்த பெல்ட் காரணத்தைச் சொல்லும். பக்கங்கள் பளபளத்தால், தளர்ந்து வழுக்கியிருக்கிறது. ஊறி உப்பியிருந்தால், எண்ணெய் கசிந்திருக்கிறது. அடிப்புறம் மினுங்கினால், புல்லியின் பள்ளம் தேய்ந்திருக்கிறது. நம்முடையதிலோ ஒரு விளிம்பு மட்டும் நார்நாராகப் பிரிந்திருந்தது.

நேரான இரும்புப் பட்டையைப் புல்லிகளின் முகத்தில் வைத்தார். ஆல்டர்னேட்டர் சாய்ந்திருந்தது. எஞ்சினின் அதிர்வில், அதைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அதைச் சீராக்கிய பின் பெல்ட் அறவில்லை.

அன்பானவர்களே, நம் வீடுகளிலும் அடிக்கடி மனம் உடைகிறவர் ஒருவர் இருப்பார். "இவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்கிறோம். அவரோ எல்லோரையும் சுழலச் செய்கிறவர். அவரைச் சாய்த்து இழுப்பது எது என்று இவ்வாரம் பாருங்கள்.