எதிரே வருகிறவரின் கார்ட்

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மஹகஸ்தொட்ட மலையேற்றக் காரோட்டம் என்று ஊர் அல்லோலகல்லோலப்படும். கொழும்பிலிருந்து போர்ஷே, லம்போகினி எல்லாம் வரிசையாக மலையேறும். வாகனச் சேதம் பார்க்கும் என்னைப் போன்ற அசெசர்மாருக்குப் புத்தாண்டு லீவு என்று ஒன்று கிடையாது.

டவுனுக்குள் அந்தக் கார்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஆவதெல்லாம் வழியில்தான். ஹட்டன் வழியாக வரும் ஏ7 வீதியில் தலவாக்கலையைத் தாண்டினால் பின்னேரத்திலேயே மூடுபனி இறங்கிவிடும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான், அதற்கப்பால் தேயிலைச் சரிவு. வளைவில் எதிர்ப்படுவது கொழுந்து லொறியோ, ஸ்கூல் வேனோ, தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆளேற்றிவரும் ஆட்டோவோ. வருவது கோடிக்கணக்கில் விலைபோன கார் என்று அந்த டிரைவருக்கு எப்படித் தெரியும்? பனியில் இரண்டு வெளிச்சம்தான் தெரியும்.

1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அந்தச் சட்டம் முதலில் பார்ப்பது உயிரையும் உடம்பையும்தான், பார்க்கவும் வேண்டும். 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்ததைக் கண்டவர்கள் நாங்கள். அந்த வீதியில் நின்று பம்பரைப் பற்றிப் பேசச் சில நேரம் கூச்சமாக இருக்கும். ஆனாலும் என் பிழைப்பு பம்பர்தான். சொத்துச் சேதம் என்று வரும்போது காப்புறுதிக் கார்டில் ஓர் எல்லைத் தொகை இருக்கும். பழைய ஆல்டோவின் கதவுக்கு அது காணும். போர்ஷேயின் கதவுக்கு எந்த மூலைக்கு?

ஆட்டோக்காரர்கள் கதையில் இன்னொன்றும் உண்டு. லீசிங் முடியும்வரை வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும். லீசிங் கம்பனி விடாது. கடைசித் தவணை கட்டிய கையோடு பலரும் தேர்ட் பார்ட்டிக்கு இறங்கிவிடுவார்கள். வண்டி சொந்தமாகிறது, பாதுகாப்பு மெலிகிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததே 2024இல்தான். அந்த வருமானத்தை நம்பி ஓடும் ஆட்டோ அது.

லிந்துலைப் பக்கம் ஒரு தடவை ஆட்டோவின் இரும்பு பம்பர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன் லைட்டைக் குத்திவிட்டது. கார்க்காரர் அந்த இடத்திலேயே காசு கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோப் பையன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "சேர், வண்டிய வித்தாலும் அந்த லைட்டுக்குக் காணாது போல இருக்கே" என்றான். "ஒண்ணும் கையெழுத்துப் போடாதீங்க தம்பி, பொலிஸ் என்ட்ரி மட்டும் போடுங்க" என்றேன். கார்க்காரருக்கும் அதையேதான் சொன்னேன், காரணம் வேறு. நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்று பயந்து ரோட்டோரத்தில் எதையாவது வாங்கிக்கொண்டு 'பிரச்சினை முடிந்தது' என்று எழுதிக்கொடுத்தால், பிழை செய்தவரிடம் பின்னால் அறவிட இன்சூரன்ஸ் கம்பனிக்கு இருக்கும் உரிமையை அவரே வெட்டிவிடுகிறார். அப்புறம் அவருடைய சொந்த கிளெய்மும் ஆட்டம் காணும்.

எதிராளியின் காப்புறுதி போதாமல் போனால் கைகொடுக்க அமெரிக்காவில் தனிக் காப்பே விற்கிறார்கள். இங்கே அப்படித் தனியாக ஒன்றை நான் பார்த்ததில்லை. நம் காருக்கு நாமே எடுத்த ஃபுல் இன்சூரன்ஸ்தான் அந்த வேலையையும் செய்ய வேண்டும். அங்கேதான் பணக்காரர்களும் கோட்டை விடுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் ஏறிவிட்டது. கார் விலை எங்கோ போய்விட்டது, காப்புறுதிப் பத்திரத்திலுள்ள தொகை மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே. நான்கு கோடி பெறுமதியான காரை இரண்டு கோடிக்குக் காப்புறுதி செய்திருந்தால், பெரும்பாலான பத்திரங்களின்படி ரிப்பேர் செலவிலும் பாதிதான் கிடைக்கும். முழுச்சேதம் வந்தால்தானே பிரச்சினை என்று நினைக்கிறார்கள். ஒரு பம்பருக்கும் அதே கணக்குத்தான். ஆட்டோக்காரரின் கார்ட் சின்னது என்று கத்தியவரின் பத்திரமே பாதி காலியாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இந்தக் கார்களைப் பார்ப்பதும் தனி வித்தை. தகரம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும், தட்டி நிமிர்த்தலாம். கார்பன் ஃபைபர் அப்படியில்லை. மேலே ஒரு கீறல்தான் இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நான் ஐந்து ரூபாய்க் குற்றியால் இலேசாகத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும், பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக விழும். அந்த எல்லையைச் சோக்கால் கோடிட்டுப் படம் எடுத்தால்தான் பிறகு வாதம் வராது. அதற்குமுன் காரை யாரும் சங்கிலி போட்டு இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வண்டி அது. தட்டையான கெரியரில் ஏற்றாமல் இழுத்தால், மோதலில் தப்பிய அடிப்பாகம் இழுவையில் போய்விடும். எது மோதலில் உடைந்தது, எது இழுத்ததில் உடைந்தது என்று பிரிப்பதற்குள் எனக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ரத்தம் சூடேறி, திரும்பும் வழியில் யார் முந்துவது என்று பார்ப்பவர்களும் உண்டு. பந்தயமும் வேகச் சோதனையும் பத்திரத்தில் விலக்கு. அது நிரூபணமானால் தொகை எவ்வளவு எழுதியிருந்தாலும் வராது. டேஷ் கெமரா பூட்டியவர்கள் இதையும் யோசித்துத்தான் பூட்டினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

மார்ச் கடைசியில் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கும். கார்க்காரர்கள் கேட்பது ஹோட்டல் பார்க்கிங் பற்றி. ஹட்டன் ஸ்டாண்டில் ஓடும் ஆட்டோத் தம்பிமார் கேட்பது வேறு: "அண்ணே, கார்டுல சொத்துச் சேதத் தொகையக் கூட்டினா எவ்வளவு கூடக் கட்டணும்?" போர்ஷேக்காரர் ஒருவர்கூட இதுவரை தன் பத்திரத்தின் தொகையைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.