பதிவேட்டின் கடைசிக் கட்டம்

மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கடலைப் பற்றி யாருக்குமே தெரியாத விஷயம் என்று அதிகம் இல்லை. எல்லாம் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. 1947இல் மண்டபத்தில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், தலைமையகம் கொச்சிக்கு மாறிய பிறகும், இங்கே கரைக்கு வரும் மீனைக் கணக்கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளின் கோப்புகள் வனத்துறையிடம் உண்டு. எந்த விசைப்படகு எந்த நாளில் டோக்கன் வாங்கிப் போனது என்பது மீன்வளத்துறைக்குத் தெரியும். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்க்கிறது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளப் பாறைகளை மூழ்கி மூழ்கி அளந்து வைத்திருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிற பெரியவருக்கு எந்தப் பார், அதாவது கடலடிப் பாறை, எந்த வருஷம் செத்தது என்பது மனப்பாடம். ஆனால் இவர்களில் ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பருவமே ஓடிவிடுகிறது. அந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் எங்கள் வேலை. திட்ட அறிக்கைகளில் இதற்குக் கடலோர, கடல்சார் வள மேலாண்மைக்கான வட்டாரத் தகவல் வலையமைப்பு என்று பெயர். கரையில் எங்களை நோட்டுக்காரர்கள் என்பார்கள்.

இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கணினியிலிருந்து தொடங்குவார்கள். எந்த மென்பொருள், எந்த வரைபடம், எந்தச் சர்வர் என்று பேச்சு போகும். அதெல்லாம் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. வருஷக்கணக்கில் இழுப்பது நோட்டுதான்: யார் எழுதுவது, எதை எழுதுவது, எழுதியது யாரிடம் திரும்பிப் போவது.

மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பு முறையை நான் மிகவும் மதிக்கிறேன். கணக்கெடுப்பவர் ஓர் இறங்குதளத்துக்குப் போனால் முதல் நாள் நண்பகல் 12 முதல் மாலை 6 வரை நிற்பார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை நிற்பார். இடையில் இரவில் வந்த மீனை விசாரித்து எழுதிக்கொள்வார். எல்லாக் கரைக்கும் எல்லா நாளும் போக முடியாது என்பதால் கரையையும் நாளையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணிப்பார்கள். மாநிலத்தில் சாளை கூடியதா, காரல் குறைந்ததா என்பதற்கு இதைவிட நம்பகமான வழி நம்மிடம் இல்லை. ஆனால் ஓர் ஊர்க்காரர் தன் ஊருக்கு நேரே இருக்கும் கடலைப் பற்றிக் கேட்டால் அந்தக் கணக்கால் பதில் சொல்ல முடியாது. அதன் நோக்கமும் அது கிடையாது. ஊர்க் கேள்விக்கு ஊரிலேயே நோட்டு வேண்டும்.

எங்கள் நோட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பாக் நீரிணைப் பக்கம் ஒரு சிற்றூர். எழுதுவது அவ்வூரிலேயே பிளஸ் டூ முடித்த பெண். அவள் அப்பா வத்தைப் படகு ஓட்டுகிறார். விடிகாலையில் வலை எடுத்துப் படகுகள் வரும்போது கரையில் நிற்பாள். தேதி, படகு, வலை, காற்று, நீவாடு (நீரோட்டம்), மீன், கூடை, விலை என்று வரிசையாகக் கட்டங்கள். காற்றுக் கட்டத்தில் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று ஊர் வழக்கில்தான் எழுத வேண்டும். அதை டிகிரியாக மாற்றுவது எங்கள் பாடு. கூடைதான் தொல்லை. ஓர் ஊர்க் கூடையும் அடுத்த ஊர்க் கூடையும் ஒரே எடை பிடிக்காது. கூடையை மாற்றும் வியாபாரியும் உண்டு. அதனால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கூடையை நிரப்பித் தராசில் வைத்து, அந்த எடையை நோட்டின் உள்ளட்டையில் எழுதிவிடுவோம். பல மாதம் கழித்துக் கணக்குப் போடும்போது நம்மைக் காப்பாற்றுவது அந்த உள்ளட்டைதான்.

கடைசிக் கட்டத்தின் பெயர் ‘வேறு’. அச்சடித்த தாளில் மிச்சமிருந்த இடத்தில் போட்டது. சொறி (ஜெல்லி மீன்) நிறைய வந்தது, ஆமை செத்து ஒதுங்கியது, தண்ணீர் கலங்கல், வலையில் பாசி என்று அதில் ஒவ்வொரு வரி விழும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னைக் கேட்டால், மற்ற எல்லாக் கட்டங்களையும் விட இதற்கே நான் காவல் நிற்பேன்.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியது பலருக்கும் நினைவிருக்கும். மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகி, பிறகு மடிந்து அழுகும்போது நீரிலிருக்கும் உயிர்வளி தீர்ந்துபோகிறது. ஒதுங்கித் தப்ப முடியாத மீன்கள் செத்துப்போகின்றன. செத்த மீனின் படம் ஒரே நாளில் எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. ஆனால் நிர்வாகத்துக்கு வேண்டியது அந்தப் படம் இல்லை. தண்ணீர் நிறம் மாறத் தொடங்கிய முதல் நாள் வேண்டும், அது எந்த ஊருக்கு நேரே என்று வேண்டும், அன்று என்ன காற்று என்று வேண்டும். இந்த மூன்றும் அன்றே ஓரிடத்தில் சேர்ந்தால், பச்சை நீர் எந்தப் பக்கம் நகரும் என்று அடுத்த ஊர்க்காரருக்குச் சொல்லலாம். கூண்டில் மீன் வளர்ப்பவர் முன்கூட்டியே பிடித்து விற்றுவிடலாம். இவை மூன்றும் விழுகிற இடம் காற்றுக் கட்டமும் ‘வேறு’ கட்டமும்தான்.

பவளம் வெளுப்பதும் அப்படியே. கோடையில் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறி நீடித்தால், பவள உயிர்கள் தங்களுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகின்றன. நிறம் போய், சூடு தணியாவிட்டால் உயிரும் போகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா இதில் பலமாக அடிபட்டது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியதாகத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். இதில் ஒரு விஷயத்தை இன்னும் பலர் கவனிப்பதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் திரளும் இடத்தைச் சொல்லும் இன்காய்ஸ் அறிவிப்பும் நின்றிருக்கும். பவளம் வெளுப்பது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அப்போது பாறைக்கு மேலே போய்வருகிற கண்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையவை. துறைகளின் பதிவு மெலிந்து போகும் காலத்தில் ஊர் நோட்டு தடிமனாக வேண்டும். அதற்கென்றே ஒவ்வோர் ஏப்ரலிலும் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசுகிறோம்.

ஆனால் பாறை எங்கே இருக்கிறது என்பதை எழுதுவதில் பெரிய சிக்கல் உண்டு. கோபுரத்தையும் பனையையும் ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளத்தைச் சேர்த்துப் பார்த்துக் கடலில் ஓர் இடத்தைக் குறித்துவைப்பது மீனவரின் பரம்பரைக் கல்வி. குமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள். கீழக்கரைப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே சொன்னார்.

“தம்பி, எங்க பாரை உன் போன்ல குத்திட்டேன்னா நாளைக்கு அந்தப் புள்ளி எல்லா விசைப்படகுலயும் இருக்கும். எங்கப்பா எனக்குக் காட்டின இடம். நான் என் மகனுக்குக் காட்டுவேன், உனக்கு எதுக்கு?”

“இடம் வேண்டாம்ணே. வெளுத்திருக்கா, இல்லையா, அது மட்டும் சொல்லுங்க.”

“அத தாராளமாச் சொல்றேன். சாகுறது எங்க பாருதானே.”

அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போனதற்கு, வருஷக்கணக்காகப் பவளக்கல் வெட்டி ஏற்றியது முக்கியக் காரணம். கல் எங்கே கிடைக்கும் என்ற தகவலும் அன்றைக்குக் கரைக்கு நன்றாகவே ஓடியிருக்கிறது. கடல் அட்டை 2001இலிருந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. கடத்தல் இன்றும் நிற்கவில்லை. அட்டை அடர்த்தியாக உள்ள இடத்தை வரைபடத்தில் புள்ளியிட்டு வெளியிட்டால் முதலில் நன்றி சொல்பவர் கடத்தல்காரராகத்தான் இருப்பார். ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிக்கும் இது பொருந்தும். ஆகவே கடலைப் பல கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து எண் கொடுத்தோம். நோட்டில் சதுர எண் மட்டும் வரும். துல்லியமான இடம் சொன்னவரிடமே இருக்கும். ஆராய்ச்சியாளருக்கு அது தேவைப்பட்டால், படகு வாடகை கொடுத்து, அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வரட்டும். தகவல் எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. கடலில் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. மறைக்கும் உரிமை ஊருக்கு இருந்தால்தான் ஊர் பேசும்.

அடுத்தது, எழுதியது ஊருக்குத் திரும்பிப் போகும் வழி. இதில் எனக்குப் பாடம் புதுச்சேரிக் கரை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கடற்கரையில் நிற்பவருக்கு அதைக் கேட்க எழுத்தறிவு வேண்டாம், கருவி வேண்டாம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு ஊர் தப்பியதும் இந்தப் பழக்கத்தால்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார், ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், சனம் வெளியேறியது. அன்றாடம் அலையும் விலையும் சொல்லிச் சொல்லி ஊரின் காதைப் பழக்கியிருந்த ஒலிபெருக்கி அது. ஆபத்துக்கென்று மட்டும் கட்டி வைத்திருந்தால் அந்தக் காலையில் அது வேலை செய்திருக்குமா என்பதே சந்தேகம்.

அறிவிப்பு போக வேண்டிய நேரமும் முக்கியம். ஐஸ் கட்டியும் டீசலும் வாங்குவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். பணம் செலவழிந்து படகில் ஐஸ் ஏறிவிட்டால், காற்று பலக்கும் என்று சொன்னாலும், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றே தோன்றும். அது பேராசை கிடையாது, கடன் கணக்கு. ஆழ்கடலுக்குப் போய்விட்டவருக்கோ கரையின் ஒலிபெருக்கியால் பயனே இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக் கடலில் புயலாக வலுத்தபோது, பல நாள் தங்கல் மீன்பிடிப்புக்குப் போயிருந்த படகுகள் வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. 2019இல் செயற்கைக்கோள் வழியே படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி வந்தது. நல்ல கருவி. ஆனால் செய்தி ஒரே திசையில்தான் வந்தது. கடலில் இருப்பவர் பதில் சொல்ல அதில் வழி இருக்கவில்லை. கடலுக்குள்ளிருந்து கரைக்கு வரும் குரலைக் கேட்கிற காது இல்லாவிட்டால் இந்த வலையமைப்பு பாதிதான் என்பேன்.

எழுதத் தெரியாமலே தகவலை வைத்து நிர்வாகம் நடத்தியவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள், பாசி குறைகிறது என்று கையாலேயே உணர்ந்தவர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள்தான் இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது இந்த முயற்சிக்காகத்தான். எங்கள் நோட்டு அவர்களிடம் போனபோது, கூடை எண்ணிக்கையோடு ‘எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருந்தோம்’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்கள். அதே ஒரு மூட்டைப் பாசிக்கு முன்பு இரண்டு மணி நேரம், இப்போது நான்கு மணி நேரம் என்றால், பாசி குறைகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பிடிபட்ட மீனை முயற்சியால் வகுத்துப் புள்ளியியல் படித்தவர்கள் பார்ப்பதும் இதைத்தான்.

எல்லைக்கு அப்பாலும் இதே கடல்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் தொடங்கி, 2003இல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு அரசுகளின் கூட்டமைப்பாக மாறியது. அரசுகள் பேசும் மேசை அது. இலங்கையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கரையில் நிற்பவர்களோடு நோட்டு மாற்றிக்கொள்ளும் வழி இன்னும் திறக்கவில்லை. நம் பக்கத்து இழுவைப்படகால் அவர்கள் வலை அறுபடும் வலி தீராமல் திறக்கவும் செய்யாது. கடல் வெப்பம், பூங்கோரை, செத்து ஒதுங்கிய ஆவுளியா ஆகிய மூன்றில் மட்டுமாவது தொடங்கலாம். இவற்றில் எந்தக் கரைக்கும் நஷ்டமில்லை.

பணம்தான் கடைசித் தடை. திட்டத்துக்குக் காலக்கெடு உண்டு. முடிந்த மறுமாதம் நோட்டு எழுதும் பதிவாளரின் சம்பளம் நிற்கும், நோட்டும் நிற்கும். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊர் மட்டும் மீன் ஏலத்தில் எடுக்கும் மகமையிலிருந்து பதிவாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அங்கே நோட்டு ஊர்க் கமிட்டி பீரோவில் இருக்கிறது, எங்களிடம் நகல்தான். மாதக் கூட்டத்தில் நாங்கள் போய்க் கணக்கை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அடுத்த கூட்டத்துக்கு நண்டின் எடையையும் விலையையும், நோட்டு தொடங்கிய நாளிலிருந்து மாதவாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நண்டு வாங்கும் கம்பெனி ஏஜெண்டிடம் விலை பேசப் போகிறார்களாம்.