காலடிச் சூடு

உங்களில் கார் ஓட்டுபவர்களிடம் ஒரு கேள்வி. முகத்துக்கு ஏசிக் காற்று குளுகுளுவென்று வந்துகொண்டிருக்க, காலடி மட்டும் அடுப்படியில் நிற்பதுபோலச் சுட்டதுண்டா? எனக்குச் சுட்டது. மூன்று மாதம் சுட்டது. வீட்டில் சொன்னபோதெல்லாம் கிடைத்த மறுமொழி, "பழைய கார்தானே, அப்படித்தான் இருக்கும்" என்பதுதான். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்களுடையது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த கார். கண் கிளினிக்குக்காக மாதம் ஒருமுறை உம்மாவை மாவனல்லையிலிருந்து கண்டிக்குக் கூட்டிச் செல்வேன். கடுகண்ணாவ ஏற்றத்தில்தான் சூடு கூடும். இடது காலை வைக்கும் இடம் செருப்பையும் மீறிச் சுடும். ஒருநாள் பின் ஆசனத்தில் இருந்த சின்ன மகன் பாதி ஏற்றத்திலேயே தூங்கிவிட்டான். கண்டியில் எழுப்பினால் வாந்தி. உம்மாவுக்குத் தலையிடி. "வளைவுப் பாதைதானே மகள், பித்தம் பொரண்டிருக்கும்" என்றார். இறங்கி அரை மணித்தியாலத்தில் தலையிடி போய்விட்டது. திரும்பி வரும்போது மறுபடியும் அதே தலையிடி. அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஆவி சுட்டதா, சட்டி சுட்டதா என்று நம் கைக்குத் தெரியும் அல்லவா? காரிலும் அப்படித்தான். சூடு காற்றாக வருகிறதா, தரை வழியாக வருகிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காற்றாக வந்தால் ஹீட்டரைச் சந்தேகிக்கலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் சின்ன ரேடியேட்டர் போல ஒன்று இருக்கிறது. என்ஜினைச் சுற்றிவரும் ஏறக்குறைய 90 டிகிரிச் சுடுநீர் அதற்குள் ஓடும். நாம் அதை ஒருநாளும் பாவிப்பதில்லை. ஆனாலும் கேபிள் இறுகிவிட்டாலோ உள்ளே இருக்கும் கதவு சரியாக மூடாவிட்டாலோ, குளிரில் வைத்திருந்தாலும் காலடியில் சுடுகாற்று வரும். அது ஒழுகினால் கார்ப்பெட் நனையும், இனிப்பான ஒரு வாடை வரும், கூலன்ட் குறையும்.

பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, பேனை நிறுத்தி, வெளிக்காற்று வரும் வழியையும் மூடி, ஜன்னல்களைத் திறந்துகொண்டு ஓட்டிப் பார்த்தேன். சூடு குறையவில்லை. கார்ப்பெட் காய்ந்திருந்தது. கூலன்ட் போத்தலில் கோடு இறங்கவில்லை. கார்ப்பெட்டைத் தூக்கிக் கீழே தகரத்தில் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்!

கராஜில், "தங்கச்சி, ஹீட்டர் ஹோஸைக் கழற்றிவிட்டால் சரி" என்றார் மெக்கானிக். "இல்லை நானா, சுடுவது காற்று இல்லை, தகரம்" என்று நான் செய்து பார்த்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளையின் வாந்தியையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. காரை இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே, திறந்த வெளியில் வைத்து ஸ்டார்ட் பண்ணினார்கள். உதவிக்கு நின்ற பையன் தடித்த துணியைச் சைலன்சர் வாயில் ஒரு கணம் அழுத்திப் பிடித்தான். வெளியேற வழியில்லாத புகை ஓட்டையைத் தேடும். சரியாக என் காலடிக்குக் கீழே 'புஸ்' என்று சத்தம் கேட்டது. சைலன்சர் குழாய் ஜாயின்டில் கேஸ்கட் எரிந்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகரம் இல்லவே இல்லை. முன்பு எங்கோ வெல்டிங் செய்தபோது, கடகடவென்று ஆடுகிறதென்று கழற்றி எறிந்திருப்பார்கள் என்றார் நானா. தரையில் ஒரு ரப்பர் அடைப்பானும் காய்ந்து விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் அவர் பெருவிரலை விட்டுக் காட்டியபோது எனக்கு அழுகை வந்தது.

சகோதரிகளே, சைலன்சர் புகையில் காபன் மொனொக்சைட் என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், தூக்கம்... வளைவின் மீது பழிபோட எவ்வளவு வசதி! ஏற்றத்தில் என்ஜின் கஷ்டப்படும்போது குழாயும் கூடுதலாகச் சுடும், ஒழுக்கும் கூடும். அப்படி ஏதும் தோன்றினால் உடனே நிறுத்தி, என்ஜினை அணைத்து, எல்லோரும் வெளியே இறங்கிவிடுங்கள். தலையிடியோ மயக்கமோ விடாவிட்டால் டொக்டரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். சோதனையெல்லாம் பிறகு.

கேஸ்கட், புதுத் தகரம், ரப்பர் அடைப்பான். அல்ஹம்துலில்லாஹ், செலவு எங்கள் வீட்டு ஒரு மாத மீன் செலவைவிடக் குறைவு. நான் சொல்லி நம்பாத கணவர், மெக்கானிக் சொன்னதும் நம்பினார். இதை எழுதுவதா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் கடுகண்ணாவையில் மகன் ஒரு கண் மூடவில்லை. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தான், எண்ணிக்கை தவறி உம்மாவோடு சண்டையும் பிடித்தான். உம்மா தூங்கியது கிளினிக் வரிசையில்தான்.