நாலு பிளேடு

புல்லட்டின் பாயிண்ட் மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது உள்ளங்கை அகல இடம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் சாயங்காலங்கள் அந்த உள்ளங்கை அகலத்துக்குள்ளேதான் போகின்றன. வீட்டுக்குப் பின்னால், முன்பு மாடு கட்டியிருந்த சாய்ப்பில் ஒரு பலகை போட்டு, ஒரு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதுதான் என் பட்டறை. சாணி வாசம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதோடு இப்போது மண்ணெண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்துகொண்டன.

வண்டி 1974 மாடல், 350 சிசி. திருவொற்றியூரில் செய்தது. இந்த எஞ்சினைப் பெற்ற இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மூடிப்போனது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து இங்கே தொடங்கிய கம்பெனிதான் அதை விடாமல் செய்துகொண்டு வந்தது. புதுப்பேட்டையில் நாலு நாள் அலைந்து, பாதி எலும்புக்கூடாக வாங்கி வந்தேன். இப்போது பழைய புல்லட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ராஜ கம்பீரம், பரம்பரைப் பெருமை என்றெல்லாம் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பரம்பரை கிடையாது. என் பரம்பரை அந்த வண்டிக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தியிருந்த பரம்பரை.

எங்க நைனா டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையாளாக இருந்தார். கையாள் என்றால் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவது, டீ வாங்கி வருவது, வண்டியைப் பிடித்துக்கொள்வது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கலாம், திருகக் கூடாது. மெக்கானிக்கின் சட்டைப் பையில் ஃபீலர் கேஜ் இருக்கும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். அதைத் தொட நைனாவுக்கு அனுமதி இல்லை. "பிசுக்கு ஆயிடும்" என்பாராம். மெக்கானிக்கின் கை மட்டும் சந்தனத்திலா கிடந்தது?

நைனா வேறு வழி கண்டுபிடித்தார். சவர பிளேடு. மெக்கானிக் பாயிண்ட் வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், அந்த இடைவெளியில் ஒரு பிளேடைச் செருகிப் பார்த்திருக்கிறார், ஆடியது. இரண்டு, மூன்று, அப்போதும் ஆடியது. நாலு சேர்த்தபோது லேசாகப் பிடித்துக்கொண்டு வழுக்கியது. அன்றிலிருந்து அவருக்கு நாலு பிளேடுதான் கணக்கு. நான் பின்னால் புத்தகத்தில் பார்த்தேன்: புல்லட் பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். ஒரு பிளேடு கனம் 0.10. நைனா எந்தப் புத்தகமும் படித்ததில்லை. அந்த பிளேடுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு முடிவெட்ட மறுத்த கடை வாசலில் வீசிக் கிடந்தவை.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். அவை ஒட்டியிருக்கும்போது பேட்டரியின் கரண்டு காயிலுக்குள் ஓடி அதைக் காந்தமாக்கும். கேம் சுற்றி வந்து பொட்டுகளைப் பிரிக்கும்போது கரண்டு அறுபடும், காந்தப்புலம் சரியும். அந்தச் சரிவில்தான் காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக் முனையில் பொறியாகத் தாவும். ஆக, சேரும்போது அல்ல, பிரியும்போதுதான் நெருப்பு. பிரிகிற இடத்திலேயே பொறி பறந்து பொட்டு கருகிப்போகாமல், அந்த நேரத்துக் கரண்டை வாங்கிக்கொள்வது கண்டன்சர். கட்டை விரல் அளவு தகர டப்பி. அது கெட்டால் எல்லாம் கெட்டது.

பொட்டு எந்த நொடியில் பிரிகிறது என்பதுதான் டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிரிய வேண்டும். பிந்தினால் வண்டி இழுக்காது, சூடேறும். ரொம்ப முந்தினால் ஏற்றத்தில் எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். இன்னும் முந்தினால் கிக்கர் திருப்பி உதைக்கும். புல்லட் உதைத்து கணுக்கால் வீங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். இதை மாற்றிச் செய்கிறவர்கள் நிறைய. இடைவெளியைக் கூட்டினாலே பொட்டு முன்னதாகப் பிரியும், டைமிங் தானாக முந்திவிடும். அதனால் டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் பட்ட பாடெல்லாம் வீண். நைனா சிகரெட் டப்பாவில் இருக்கும் மெல்லிய தாளைப் பொட்டுகளுக்கு நடுவே வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றச் சொல்வார். தாள் விடுபடுகிற நொடிதான் பிரிகிற நொடி. நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

எங்க ஊரில் புல்லட் ஒண்ணே ஒண்ணு. ஊர்த்தெருவில் பெரிய வீட்டுக்காரருடையது. அது வரும் சத்தம் ஏரிக்கரையில் கேட்டாலே சேரியில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த வண்டி மக்கர் பண்ணினால் டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போகமாட்டார், நைனாவுக்கு ஆள் அனுப்புவார். நைனா தெருவில் குந்திக்கொண்டு வேலை செய்வார். உதைப்பது மட்டும் அவர்தான். நைனா வண்டியைத் தொடலாம், ஏறக்கூடாது. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். தவறாமல் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

1978. எனக்குப் பதிமூணு வயசு. ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுக்க நானும் போயிருந்தேன். புதுப் பாயிண்ட் போட்டு, டைமிங் வைத்தாகிவிட்டது. நின்ற இடத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் தட்டல் இருக்கிறதா என்பது நிற்கிற வண்டியில் தெரியாது. மேட்டில் ஏற்றி, ஆக்சிலேட்டரைத் திறந்து, காதால் கேட்க வேண்டும். "ஒரு நடை ஏரிக்கர மேட்டுல ஏத்திப் பாருங்க ஆண்ட"ன்னு நைனா சொன்னார். அவர் உள்ளே சாப்பிடப் போய்விட்டார். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. நைனா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மேட்டில் ஏறும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா ஓட்டுகிறார் என்ற சந்தோஷம் இரண்டு நிமிஷம் இருந்தது. திரும்பி வரும்போது ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். என்ன நடந்தது என்று விவரித்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. இந்த மாதிரிப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். அடித்த பிறகு வண்டியின் சீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அதை மட்டும் எழுதுகிறேன்.

ராத்திரி அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுதாள். நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "தட்டல் இல்ல. டைமிங் சரியாத்தான் இருக்குது" என்றார்.

ஒரு மாசம் கழித்து மறுபடியும் ஆள் வந்தது. போனார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வழியெல்லாம் அவரிடம் சண்டை போட்டேன். அந்தத் தட்டின் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு நெல் அளவு முன்னே தள்ளினால் போதும், அடுத்த உதையில் அந்தக் கால் ஆறு மாசத்துக்கு எழுந்திருக்காது. அந்த வயசிலேயே எனக்கு அது தெரியும். நைனாவுக்குத் தெரியாதா? கேட்டேன். அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி என்னடா பண்ணுச்சு?"

அந்தப் பதிலை நான் பல வருஷம் அடிமைப் பேச்சு என்றே நினைத்தேன். கூட்டங்களில்கூட அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரிடம் இன்னொரு தடவை கேட்கவும் வழியில்லை. 2003-ல் போய்விட்டார்.

என் வண்டிக்கு வருகிறேன். காலையில் முதல் உதையில் எழும், ஆறேழு கிலோமீட்டர் போனதும் செத்துவிடும். அரை மணி ஆறவிட்டால் மறுபடி எழும். சூட்டில் கெட்டு, ஆறினால் சரியாகிறது என்றால் கண்டன்சரையோ காயிலையோதான் சந்தேகப்பட வேண்டும். இருட்டில் மூடியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். பொட்டுகளுக்கு நடுவே தடிமனாக நீலப்பொறி. கண்டன்சர்தான். புதுசு போட்டேன். இப்போது சுத்தமாகப் பொறியே இல்லை. பத்து நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். காயிலை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், பாயிண்டைக் கழற்றி மாட்டும்போது ஃபைபர் வாஷரை வரிசை மாற்றிப் போட்டிருக்கிறேன். கரண்டு நேராக பாடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நைனா இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு.

என் பையன் இஞ்சினியரிங் படித்தவன். "எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்கி மாட்டுங்கப்பா, இதெல்லாம் தேவையே இல்ல" என்கிறான். அவன் சொல்வது தப்பில்லை. அதில் தேயும் பொட்டு கிடையாது, கண்டன்சர் கிடையாது. 1980-களில் வந்த 100 சிசி வண்டிகளோடு வந்த சிடிஐதான் ஊருக்கு ஊர் நைனாவைப் போன்றவர்களின் வேலையைத் தின்றது என்றாலும், அதற்காக நான் அதைத் திட்டப்போவதில்லை. நல்ல சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் அது போனால் ஒரேயடியாகப் போகும். பொட்டு அப்படியில்லை. தேயத் தேயச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுவழியில் உப்புத்தாள் துண்டால் தேய்த்து வீடு வந்து சேரலாம். என் பையில் நாலு பிளேடு இருக்கிறது. ஃபீலர் கேஜும் இருக்கிறது. இரண்டாலும் அளந்து பார்ப்பேன். இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன.

போன மாசம் எங்க ஊர் ஏரிக்கரைக்கு வண்டியை எடுத்துப் போனேன். இப்போது தார் ரோடு. கரை மேட்டில் மூணாவது கியரில் வைத்து ஆக்சிலேட்டரைத் திறந்தேன். லேசாகத் தட்டியது. மேட்டின் உச்சியில் நிறுத்தி இறங்கி, மூடியைக் கழற்றி, தட்டை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளி ஸ்க்ரூவை இறுக்கினேன். ஊர்ப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்த ஒரு பையன் நின்று, "யாரு வண்டிங்க?" என்று கேட்டான். என்னுதுதான் என்றேன். கீழே இறக்கி, மறுபடியும் மூணாவது கியரில் ஏற்றினேன்.

தட்டல் இல்லை.